உல்லாசக் கப்பல் புக்கிங்: இன்னும் மனசுல உறுத்துற ஒரு காட்சி எது?

செந்தூல்வாசி
நானே தொடங்குறேன். கோலாலம்பூரில் ஒரு பயணக் கண்காட்சி. மேசைக்கு முன்னால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அட்டையில் கொட்டை எழுத்தில் ஆளுக்கு 1,299 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாவது நான்காவது ஆள் இலவசம், சிங்கப்பூரிலிருந்து 3 இரவு. அந்த அம்மா கைப்பேசியில் இரண்டால் பெருக்கி 2,598 என்று கணவரிடம் காட்டிச் சிரித்தார். முகவர் பில்லைத் திருப்பி வைத்தார்: 5,305. அந்த அம்மா பில்லைப் பார்க்கவே இல்லை, கணவர் முகத்தைத்தான் பார்த்தார்.

முகவர் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் விசேஷம். துறைமுகக் கட்டணம் ஆளுக்கு 450, நாலு பேருக்கு 1,800. "இலவச" ஆளுக்கும் இது உண்டு. டிப்ஸ் ஆளுக்கு நாளைக்கு 18 அமெரிக்க டாலர், நாலு பேர், மூன்று இரவு, 216 டாலர், வெள்ளியில் 907. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். எண்கள் கப்பலுக்குக் கப்பல் மாறும், டிப்ஸ் பெரும்பாலும் 16 முதல் 20 டாலருக்குள் நிற்கும், ஆனால் பில்லின் அமைப்பு பல கப்பல்களில் இதுதான். இன்னொன்று: அட்டையில் போடும் விலை ஜன்னல் இல்லாத உள் அறைக்கு, ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். ஒரே ஆள் போனால் பல சமயம் இரண்டு ஆள் காசு.

ஆகவே "ஆளுக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எங்கள் அறைக்கு, வரி, துறைமுகம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். டிப்ஸை முன்கூட்டியே கட்டாவிட்டால் அது கப்பல் கணக்கில் ஏறி, கடைசி நாள் காலையில் கார்டில் கழியும்.

கிள்ளான்_பாலம்
கே.டி.எம். கொமுட்டர் ரயிலின் கடைசி நிலையம், பெலாபுஹான் கிளாங். ஒரு பாட்டி, நாலு பெட்டி, பேரப்பிள்ளைகள். எதிரே இருக்கும் படகுத்துறைக்குப் போய் "பெரிய கப்பல் எங்கே?" என்று கேட்கிறார்கள். அது புலாவ் கெத்தாம் படகு ஏறும் இடம். டிக்கெட் விற்கிற ஆள் கடலைக் காட்டி, "அங்கே" என்கிறான்.

போர்ட் கிள்ளான் என்று டிக்கெட்டில் இருந்தாலும் உல்லாசக் கப்பல் முனையம் புலாவ் இண்டாவில், வெஸ்ட்போர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. ரயில் கிடையாது. நிலையத்திலிருந்து கிராப் கார் எடுத்தாலும் அரை மணிக்கு மேல், லோரி நெரிசல் இருந்தால் சொல்லவே வேண்டாம். திரும்பும்போது இன்னும் மோசம், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே செயலியைத் தட்டுவார்கள். நாலு பேருக்கு மேல் என்றால் கோலாலம்பூரில் (கே.எல்.) இருந்தே வேன் பேசி, திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பிறை_அக்கா
தம்பி, சொன்னது சரி, ஆனா இப்போ நம்ம ஆளுங்க நிறைய பேர் சிங்கப்பூர்லதான் ஏறுறாங்க. அங்கேயும் இதே கூத்துதான். ஹார்பர்ஃபிரண்ட்ல ஒரு முனையம், மரினா பேல ஒரு முனையம். ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.டி.யில பெட்டியோட வந்து நின்னு, கப்பல் பேரைக் காட்டி, "இந்தக் கப்பலுக்கு மரினா சவுத் பியர் நிலையத்துக்குப் போகணும்" என்று காவலாளி சொன்னதும் ஒரு மாமா அப்படியே பெட்டி மேல உட்கார்ந்துட்டாரு. இரண்டு முனையமும் பேர்ல "சிங்கப்பூர் குரூஸ் சென்டர்" மாதிரிதான் ஒலிக்கும், அதான் குழப்பம். கப்பல் டிக்கெட்ல முனையத்தோட முழுப்பேரைப் படிங்க.

சரி, வந்ததுக்குப் பயணத்தையும் சொல்லிடுறேன். கப்பல் புறப்படுற அன்னைக்கே காலையில கே.எல்.-ல இருந்து கிளம்பாதீங்க. டி.பி.எஸ். பஸ் நிலையத்துல ஏறினா 5, 6 மணி நேரம்னு போட்டிருப்பான், அதுல உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனை வரிசை சேராது. வெள்ளிக்கிழமை மதியம்னா பாலத்துல எப்போ நகரும்னு யாராலயும் சொல்ல முடியாது. புறப்படுறதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாடியே கவுண்டரை மூடிடுவாங்க, பயணிகள் பட்டியலை முன்கூட்டியே குடிநுழைவுக்குக் கொடுக்கணும், அதனால கெஞ்சினாலும் வேலை ஆகாது. முந்தின நாள் ஜொகூர்ல தங்குறது சிங்கப்பூர்ல தங்குறதைவிட மலிவு. காலையில ஷட்டில் தெப்ராவ் ரயில், ஜே.பி. (ஜொகூர் பாரு) சென்ட்ரல்ல இருந்து உட்லண்ட்ஸுக்கு 5 நிமிஷம், 5 வெள்ளி, ஆனா சீக்கிரமே வித்துப்போகும். பினாங்குக்காரங்க விமானம்தான், அதுவும் முந்தின நாள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை வர்றதுக்கு 3 நாள் முன்னாடிக்குள்ள போடணும். காசு கிடையாது. காசு கேட்டா அது போலி இணையதளம். கப்பல்ல போயிட்டுத் திரும்பி இறங்குறதும் ஒரு வருகைதான், அதுக்கும் தனியாப் போடுங்க. கடப்பிதழ்ல (பாஸ்போர்ட்) 6 மாசம் பாக்கி இருக்கணும். போற நாள்ல இருந்து எண்ணாதீங்க, திரும்புற நாள்ல இருந்து எண்ணினா வம்பு இல்லை.

பாயான்லெப்பாஸ்_தம்பி
அக்கா, எல்லாம் சரிதான், ஆனா விலை எப்போ ஏறும்னு யாரும் பேசலையே. நம்ம பள்ளி விடுமுறை அட்டவணையைப் பார்த்துட்டு "ஏன் இவ்ளோ விலை"னு புலம்புற ஆளுங்க நிறைய. கப்பல் சிங்கப்பூர்ல நிரம்புது, அதனால விலையும் சிங்கப்பூர் விடுமுறையைத்தான் பார்க்கும்: மார்ச்சில ஒரு வாரம், ஜூன்ல நாலு வாரம், செப்டம்பர்ல ஒரு வாரம், நவம்பர் கடைசியில இருந்து டிசம்பர் முழுக்க. நமக்கு லீவு, அவங்களுக்குப் பள்ளின்னு ஒரு வாரம் கிடைச்சா அதைப் பிடிங்க. தீபாவளி இரண்டு பக்கமும் லீவு, அது எப்பவும் விலைதான். வெள்ளிக்கிழமை கிளம்புற 3 இரவைவிட திங்கட்கிழமை கிளம்புற 4 இரவு, இரவுக் கணக்குல மலிவா வரும், சில சமயம் மொத்தத் தொகையிலேயே மலிவு. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

செந்தூல்வாசி
@பாயான்லெப்பாஸ்_தம்பி நீங்க உறுத்துற காட்சியைச் சொல்லவே இல்லையே?

பாயான்லெப்பாஸ்_தம்பி
சரி. பினாங்கு சுவெட்டன்ஹாம் பியர்ல, கப்பல் வாசல்ல ஒரு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். பிரௌன் தாள், ரப்பர் பேண்ட், சூடு ஆறல. கப்பல்ல வந்த நம்ம ஊர்க்காரங்க, இறங்கி வீட்டுப் பக்கம் போயிட்டு, பாட்டிக்குன்னு கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. காவலர் கையை நீட்டினாரு. சமைச்ச உணவு உள்ளே வராது. அந்தப் பையன் வாசல்லயே நின்னு சாப்பிட ஆரம்பிச்சான். பாக்கெட்ல சீல் பண்ணின முறுக்கு, பிஸ்கட் போகும், வீட்டுல கட்டினது போகாது.

அப்புறம் ஒண்ணு. பினாங்குல இறங்கச் சுற்றுலாப் பொட்டலம் வாங்காதீங்க. முனையத்தை விட்டு வெளிய வந்தா மணிக்கூண்டு, கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியா. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோவில் 1833-ஆம் ஆண்டுக் கோவில், அதுவும் நடை தூரம். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) மட்டும் வரிசையைக் கணக்குப் போட்டுப் போங்க.

ரவாங்_மின்சாரம்
பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்த சாமான் மேசை. வரிசையாக ஆறேழு ரைஸ் குக்கர், அதில் ஒன்றுக்குள் அரிசியே இருந்தது. இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, பல சாக்கெட் நீட்டிப்புக் கம்பி. ஒவ்வொன்றிலும் அறை எண் எழுதிய சீட்டு.

காரணம் தெரிந்தால் கோபம் வராது. கப்பலில் தீதான் முதல் பயம். சூடேற்றும் கம்பி உள்ள எதுவும் அறைக்குள் கூடாது. நீட்டிப்புக் கம்பியில் மின்னழுத்தப் பாதுகாப்பு இருந்தால் இன்னும் ஆபத்து: கப்பலின் மின்னிணைப்பில் தரையிணைப்பு வீட்டைப் போல இல்லை, அந்தப் பாதுகாப்புச் சில்லே சூடேறித் தீப்பிடிக்கலாம். பயணம் முடிந்ததும் திருப்பித் தருவார்கள், ஆனால் கடைசி நாள் வரிசையில் நிற்க வேண்டும். பல முனை யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்று போதும். மேகி கோப்பை கொண்டு போகலாம், கொதிநீர் பஃபே தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய பெட்டியைக் கவுண்டரில் கொடுத்தால் அறைக்கு வர மாலை ஆகிவிடும். நீச்சல் உடை, மருந்து, பிள்ளைக்கு மாற்றுத்துணி, கடப்பிதழ் எல்லாம் கைப்பையில். டயப்பர் போட்ட பிள்ளையைப் பெரிய நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் என்றாலும்.

கெப்போங்_கணக்கு
எல்லாரும் விலையையே பேசுகிறீர்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதை யாரும் பேசவில்லை. ஐந்து பேர் குடும்பம் ஒன்று நாலு பேர் அறையில் ஐந்தாவதாகக் கைக்குழந்தைதானே என்று நினைத்து வந்தது. குழந்தையும் ஒரு தலை. கவுண்டர் பெண் விளக்கியது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "அறையில் கட்டில் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை, உயிர்காப்புப் படகில் இடம் இருக்கிறதா என்பதுதான்." கப்பலை வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் படகு எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அந்த வட்டாரம் நிரம்பினால் காலிக் கட்டில் இருந்தாலும் மூன்றாவது ஆளை ஏற்ற மாட்டார்கள். நாலு பேர் அறைகள் குறைவு, முதலில் தீர்வதும் அவைதான். கூட்டத்தோடு போகிறவர்கள் கடைசி நேர மலிவுக்குக் காத்திருப்பது வீண். அது இரண்டு பேருக்கு மட்டும் ஒத்துவரும் உத்தி.

வயதையும் பாருங்கள். பல கப்பல்களில் குழந்தைக்கு ஏறும் நாளன்று 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும், நீண்ட கடற்பயணம் என்றால் 12 மாதம். கர்ப்பிணிகளுக்குப் பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடக் கூடாது. புக் பண்ணும் நாளன்று எண்ணிப் பயனில்லை.

"அறை எண் பிறகு தருவோம்" என்ற மலிவு டிக்கெட் இருக்கிறதே, அதை எடுத்தால் புகார் பண்ணக்கூடாது. மேலே பஃபே, கீழே நடன அரங்கம் என்று மாட்டலாம். இரண்டு அறை எடுத்தால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் வரலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்: மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம், கப்பலின் நடுப்பகுதி, தாழ்ந்த தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு.

புக்கிட்மெர்தாஜாம்_67
கெப்போங்காரரே, நீச்சல் குளம் வரைக்கும் வந்தாச்சு, காசு கட்டுற தேதியை விட்டுட்டீங்க. முன்பணம் கட்டிட்டு நிம்மதியா இருந்த ஒருத்தர், "பாக்கி கட்டும் நாள் தாண்டிடுச்சு, அறை போச்சு" என்ற மின்னஞ்சலைத் திறந்த முகம்தான் எனக்கு நினைவுல இருக்கு. மீதியைப் பொதுவா 75 அல்லது 90 நாளுக்கு முன்னாடி கட்டணும், முகவர் வழின்னா அவர் அதுக்கும் முன்னாடி கேட்பார். முன்பணம் திரும்ப வருமா வராதான்னு முதல் நாளே கேளுங்க, மலிவு டிக்கெட்ல பெரும்பாலும் வராது.

முகவரோட உரிம எண்ணைப் பாருங்க, கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும், சுற்றுலா அமைச்சோட தளத்துல சரிபார்க்கலாம். தனிப்பட்டவர் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னா எழுந்து வந்துடுங்க. தகராறு வந்தா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாத்தையும் வச்சிருங்க.

பத்துகேவ்ஸ்_பக்கம்
இந்தியாவிலிருந்து வந்த அப்பா அம்மாவைச் சேர்த்துக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு ஒன்று. சிங்கப்பூர் விசா ஒற்றை நுழைவா, பல நுழைவா? கப்பல் ஏற ஒரு முறை, திரும்பி இறங்க ஒரு முறை. கவுண்டரில் விசாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. நடுவில் பினாங்கு, போர்ட் கிள்ளான் வந்தால் மலேசிய மின்வருகை அட்டையும் அவர்களுக்கு வேண்டும், நம் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

சைவமா என்று கேட்டால் இந்தியச் சைவம் என்று புக்கிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். வெறும் சைவம் என்று எழுதினால் மூன்று இரவும் பாஸ்தா.

கிள்ளான்_பாலம்
போன் பில்லை யாரும் சொல்லலையே? கரை மறைந்ததும் கைப்பேசி கப்பலின் சொந்தக் கடல் வலையமைப்பைப் பிடிக்கும். நாம் வாங்கிய ரோமிங் பாஸ் அதற்குச் செல்லாது. கப்பல் நகரும் முன் கைப்பேசியை விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றி வைஃபை மட்டும் திறந்து வையுங்கள். பினாங்கில் நின்றால் நம் சிம் வழக்கம்போல வேலை செய்யும். ஃபுக்கெட்டில் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், கப்பலின் கடிகாரம் பின்னால் போகாமலே இருக்கலாம். எதைப் பார்த்துத் திரும்புகிறோம் என்பதை இறங்கும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தஞ்சோங்தொக்கோங்_புதுசு
எல்லாம் படிச்சேன், நன்றி. நாங்க பினாங்கு. சிங்கப்பூர்ல ஏறி, கப்பல் பினாங்கு வரும்போது பெட்டியோட இறங்கி வீட்டுக்குப் போயிடலாமா? திரும்பிப் போற டிக்கெட் காசு மிச்சம்.

பிறை_அக்கா
சும்மா இறங்கிப் போயிடாதீங்க. உங்க பேர் பட்டியல்ல இருக்கும், மாலையில ஆளைக் காணோம்னு தேடுவாங்க. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கப்பல் நிறுவனம் எழுத்துல சம்மதிச்சா மட்டும் முடியும். எல்லாப் பயணத்துக்கும் சம்மதிக்க மாட்டாங்க. சம்மதிச்சாலும் முழுப் பயணத்துக்கான காசுதான், மிச்ச இரவுக்கு ஒரு காசு திரும்பாது. அதைவிட, திரும்பி இறங்குற அன்னைக்கு விமானத்தை மதியம் 1 மணிக்குப் பிறகு போடுங்க, கப்பல் காலை 7 மணிக்குக் கட்டினாலும் தளம் தளமாத்தான் விடுவாங்க.

தஞ்சோங்தொக்கோங்_புதுசு
அப்போ 2 மணி விமானம் பார்க்கிறேன் அக்கா. ரைஸ் குக்கரையும் பெட்டியில இருந்து எடுத்துட்டேன்.