இரவு பஸ்ஸில் 14 பாகத் தொடர்: ஆட்களும் மறந்துபோகிறார்கள், தலையும் சுற்றுகிறது

கொக்குவில் வாசகி:
வேலைக்காக அடிக்கடி கொழும்பு போய் வருகிறேன். ரொபேர்ட் ஜோர்டனின் 'வீல் ஒஃப் டைம்' என்ற ஆங்கில மாயாஜால நாவல் தொடரை அந்தப் பயணங்களில்தான் வாசிக்கிறேன், வீட்டில் நேரமே கிடைப்பதில்லை. இப்போது நான்காம் பாகம். அடுத்த பயணம் வருவதற்குள் யார் யாரென்று மறந்துவிடுகிறது. ஒரு பெயரை இணையத்தில் தேடினால், அவர் பின்னால் சாகிறார் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள்! மற்றது, ரயிலில் வாசிக்கப் பிரச்சினையில்லை. ரிக்கெற் கிடைக்காமல் இரவு பஸ் ஏறினால், கிளிநொச்சி வருமுன்பே சத்தி வரப் பார்க்கிறது. என்ன செய்யலாம்?

சுன்னாகத்தான்:
பஸ்ஸில் வாசிக்கவே வேண்டாம் அக்கா. உட்காது அசைவை உணருகிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துவராததால்தான் குமட்டல். போனில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் இது போகாது. ஒலிப்புத்தகத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். முதல் பாகமே ஏறக்குறைய 30 மணித்தியாலம், எத்தனை பயணத்துக்கும் காணும். ஆண் பாத்திரங்களின் பார்வையில் வரும் அத்தியாயங்களை மைக்கேல் கிராமரும், பெண்களுடையதை கேட் ரீடிங்கும் வாசிக்கிறார்கள். அரைத்தூக்கத்தில் இருந்தாலும் யாருடைய கதை ஓடுகிறது என்று பிடிபடும்.

பருத்தித்துறை ஆச்சி:
பிள்ளை, இணையத்தில் பெயர் தேடாதே. மின்னூலுக்குள்ளேயே தேடு. அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் வரிசையாக வரும், நீ நிற்கும் பக்கத்துக்கு மேலே உள்ளதை மட்டும் பார். அந்த ஆள் முதலில் வந்த இடத்தை ஒருக்கால் வாசித்தாலே மிச்சம் தானாக ஞாபகம் வரும். ஆளைக் காணவில்லை என்றால் முந்தைய பாகத்தின் கோப்பைத் திற. அச்சுப் புத்தகம் என்றால் பின்பக்கத்தில் பெயர் விளக்கப் பட்டியல் இருக்கிறது, ஆனால் சில்லறை ஆட்கள் எல்லோரும் அதில் இல்லை.

நல்லூர் மேற்கு:
பாரமாக இருந்தால் புத்தகத்தை பிளேட்டால் மூன்றாக வெட்டிக் கொண்டுபோகலாம். நான் அப்படித்தான்.

பருத்தித்துறை ஆச்சி:
உம்மிடம் ஒருவரும் புத்தகம் இரவல் தரக்கூடாது.

கொக்குவில் வாசகி:
நன்றி ஆச்சி, தேடும் வழி வேலை செய்கிறது. ஆனால் பஸ்ஸில் கேட்டுவிட்டு ரயிலில் வாசிக்கும்போது விட்ட இடத்தை எப்படிப் பிடிப்பது? இன்னொன்று, ஆசிரியர் இடையில் காலமானார் என்கிறார்களே, கதை முடிகிறதா?

சுன்னாகத்தான்:
முடிகிறது, பயப்படாமல் வாசியுங்கள். ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதினார், இறுதிப் பாகம் 2013இல் வந்தது. விட்ட இடத்துக்கு, அத்தியாயம் முடிகிற இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பக்க எண் ஒலிப்புத்தகத்தில் உதவாது, அத்தியாயம் இரண்டிலும் ஒன்றுதான். தூங்கிப்போவீர்கள் என்றால், குறித்த நேரத்தில் ஒலியைத் தானாக நிறுத்தும் 'ஸ்லீப் டைமர்' போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் புத்தளத்தில் முழிக்கும்போது கதை எங்கேயோ போயிருக்கும்.