திலாப்பியா மீன்குஞ்சு தீனைத் துப்புகிறது, வளரவும் இல்லை. என்ன செய்யலாம்?

படுவான்கரைப் பொடியன்:
கொக்கட்டிச்சோலைப் பக்கம், வீட்டு வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டி. திலாப்பியாக் குஞ்சு விட்டு ஐந்து கிழமை. முதல் தொட்டி பிழையில்லை. இரண்டாவதில் சிலது விரல் நீளம் வந்துவிட்டது; மிச்சமெல்லாம் விட்ட அளவிலேயே நிற்கிறது. தலை பெரிது, முதுகு கத்தி மாதிரி ஒட்டிப்போய்க் கிடக்கிறது. தவிடும் கருவாட்டுத் தூளும் குழைத்துப் போட்டால் ஓடி வந்து வாயில் எடுத்துத் துப்புகின்றன. வளரவில்லையே என்று தீனை இரட்டிப்பாக்கினேன். இப்போது சுவரில் விலாவை உரசித் திரிகின்றன. விடியப்புறம் குழாயடியில் கூட்டம். ஒட்சிசன் குறைவா?

வாவியோரம்:
தீனை இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. ஒட்சிசன் மட்டும் குறைவென்றால் எல்லாமே மேலே வந்து வாய் பிளக்கும், வெயில் ஏற இறங்கிவிடும். உரசுகிறதென்றால் எனக்கு ஒட்டுண்ணி மேல்தான் சந்தேகம். ஒன்றைப் பிடித்துப் பூமூடியை, அதாவது செவுள் மூடியை, தூக்கிப் பாருங்கள்.

படுவான்கரைப் பொடியன்:
பூ (செவுள்) வெளிறிக் கிடக்கிறது. மேலே கஞ்சி ஊற்றின மாதிரிச் சளி.

குளத்தடி அக்கா:
கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) கரைத்து ஊற்றுங்கள். எங்களுக்குச் சரிவந்தது.

வாவியோரம்:
பொறுங்கள் அக்கா. அழுக்குத் தண்ணியில் கொண்டிஸ் அழுக்கோடேயே தீர்ந்துவிடும். கூடிப்போனால் பூ கருகும். முதலில் அந்தச் சளியை நுணுக்குக்காட்டியில் பார்க்கட்டும்.

படுவான்கரைப் பொடியன்:
பள்ளிக்கூடத்து சயன்ஸ் சேரிடம் ஒரு குஞ்சை போத்தலில் கொண்டுபோனேன். வட்டமாக ஒன்று, உள்ளே சைக்கிள் பற்சில்லு மாதிரிக் கொளுக்கி வளையம், சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு பார்வையில் பன்னிரண்டு எண்ணினோம். வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது.

வாவியோரம்:
அது ட்ரைக்கோடினா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. அது இரத்தம் குடிப்பதில்லை. வளையத்தால் ஒட்டிக்கொண்டு தண்ணியில் உள்ள பக்டீரியாவைத் தின்னும், ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும். நீங்கள் கூட்டிப் போட்ட தீன் அடியில் அழுகி, அதற்குத்தான் விருந்தாகியிருக்கிறது. குஞ்சின் பூ மெல்லியது. கொளுக்கி உரச உரசச் சளி கட்டும், மூச்சு முட்டும். தின்றதைச் செரிக்கவும் ஒட்சிசன் வேண்டுமே, துப்பாமல் என்ன செய்யும்? உள்ளே போகிற கொஞ்சமும் சளி சுரக்கவும் புண் ஆறவும் செலவாகிவிடும். உடம்பில் பிடிக்காது.

அடியில் கிடக்கிறதை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணி மாற்றுங்கள். பிறகு வேறொரு பாத்திரத்தில் 10 லீற்றர் தண்ணிக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்து, காற்றுக் குழாய் போட்டு, குஞ்சை அதில் 10 நிமிடம் விடுங்கள். முதலில் ஐந்தாறு குஞ்சு மட்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே நல்ல தண்ணிக்கு மாற்றுங்கள். அந்த உப்புத் தண்ணியை வயல் வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள்.

படுவான்கரைப் பொடியன்:
இன்றைக்கு ஐந்தாம் நாள். உரசல் நின்றுவிட்டது. நேற்றுப் பின்னேரம் ஒரு பிடி போட்டேன், துப்பவில்லை! பெரியதுகள்தான் சின்னதுகளைத் துரத்துகின்றன.

வாவியோரம்:
பெரியதைப் பிரித்து வேறாக விடுங்கள். பின்தங்கினது எல்லாம் எட்டிப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு தொட்டிக்கும் ஒரே கைவலையா?

படுவான்கரைப் பொடியன்:
ஓம் அண்ணே.

வாவியோரம்:
அப்போ முதல் தொட்டியிலும் ஒன்றைப் பிடித்துப் பூமூடியைத் தூக்குங்கள்.