மறுமொழி: ‘ஸ்டின்ட்’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். கார்ப் பந்தயத்தில் வரும் ‘ஸ்டின்ட்’ (stint) என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டுக் கிளப்பிவிட்டது நான்தான். அகராதியில் ஏற்றுவதற்காகக் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே கணினியில் கார் ஓட்டும் ஐரேசிங் என்ற இணையப் பந்தயத்தில், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜூலையில் 24 மணி நேரப் போட்டி வருகிறது. நாங்கள் ஐந்து பேர் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டப் போகிறோம். அதற்கான அட்டவணையின் தலைப்புக் கட்டத்தில் எழுதத்தான் ஒரு சொல் தேவைப்பட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடியபோது எங்கள் மாமா கேட்ட முதல் கேள்வி, “ஒரே ஆளா 24 மணி நேரமும் ஓட்டுவார்?” என்பது. இல்லை. கார் ஒன்று, ஆட்கள் பலர். பெட்ரோல் நிரப்ப, டயர் மாற்றக் கார் வந்து நிற்கும் இடம் பிட். ஒருவர் பிட்டில் இறங்குவார், அடுத்தவர் ஏறுவார். இணையப் போட்டியிலும் இதே கதைதான். ஓட்டுபவர் சென்னையில் காரை பிட்டில் நிறுத்தி ‘வெளியேறு’ பொத்தானை அழுத்த, அடுத்தவர் டொரன்டோவில் ‘ஓட்டு’ பொத்தானை அழுத்த வேண்டும். இதில் ‘ஸ்டின்ட்’ என்பது எது என்பதில்தான் சிக்கல்.

போன வருடம் இதே போட்டியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் வரிசையாக எண் போட்டிருந்தேன்: 1, 2 நான், 3, 4 கோவைத் தம்பி, 5, 6 கோலாலம்பூர் அண்ணன், 7, 8 யாழ்ப்பாண நண்பர், 9, 10 டொரன்டோ. ஒவ்வோர் எண்ணும் ஒரு டாங்க் பெட்ரோல். வாட்ஸ்ஆப்பில் “அண்ணா, உங்களுக்கு அஞ்சாவது ஸ்டின்ட்” என்று மட்டும் அனுப்பினேன். அண்ணன் அதை ‘ஐந்தாவது ஆள்’ என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. ஆளுக்கு இரண்டு டாங்க் என்று அவருக்குத் தெரியும், ஆக தனக்கு முன்னால் எட்டு டாங்க் என்று கணக்குப் போட்டு, மலேசிய நேரம் அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்துப் படுத்துவிட்டார். அவர் ஏற வேண்டியதோ நள்ளிரவு 12:15-க்கு.

இந்திய நேரம் இரவு 9:45. கார் பிட்டுக்குள் நிற்கிறது, அடுத்து ஏற ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் ஓட்டிக் கை மரத்துப்போயிருந்த கோவைத் தம்பி, “நானே இன்னொன்னு எடுத்துக்கிறேன்” என்றான். ஏழாவது சுற்றில் பூஹோன் வளைவில் கார் வெளியே போனது. அது இறக்கத்தில் வரும் இரட்டை இடப்பக்க வளைவு, அரைக்கண் மூடினாலும் மன்னிக்காது. ஹெட்செட்டில் டயர்த் தடுப்பில் மோதிய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து தம்பி சொன்ன சொல்லுக்குக் கலைச்சொல் தேவையில்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் ‘ஸ்டின்ட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. டாங்க் நிரப்பிக் கிளம்பி மறுபடி பிட்டுக்கு வருவது வரை கார் ஓடும் ஓட்டம் ஒன்று. ஒருவர் ஏறியதிலிருந்து இறங்குவது வரை அவர் உட்கார்ந்திருக்கும் காலம் இன்னொன்று. அவர்களிடம் குழம்பிக் கிடப்பதை நாமும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமா?

காருக்கு உரியதை நடை என்றும், ஆளுக்கு உரியதை முறை என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. இதற்கு இழையில் வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘நடை’ என்றால் காலால் நடப்பது. 250 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு நடையா?

ஐயா, உங்கள் தெருவில் மணல் லாரிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். “இன்னிக்கு நாலு நடை அடிச்சேன்” என்பார். கூலியே நடைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். பண்டிகைக் காலத்தில் போக்குவரத்துக் கழகம் கூடுதல் நடைகள் இயக்குவதாகச் செய்தி வந்தால் யாரும் நடத்துநர் நடந்து போவதாக நினைப்பதில்லை. வண்டியோடு சேர்ந்தால் நடைக்கு அர்த்தம் இதுதான்: நிரப்பிக்கொண்டு கிளம்பி, காலியாகித் திரும்பி வருவது. லாரிக்கு மணல், எங்களுக்குப் பெட்ரோல். புதிதாகச் சொல் கட்ட வேண்டியதே இல்லை, லாரி ஷெட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

கோயில் நடை சாத்துவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே. கார் நொறுங்கிப் போட்டியிலிருந்து விலகினால் “நடை சாத்தியாச்சு” என்று சொல்லிக்கொள்ளலாம்.

> ‘முறை’ மிகப் பொதுவான சொல். ‘மூன்றாம் முறை’ என்றால் மூன்றாவது தடவை என்றும் ஆகும்.

ஆகும்தான். ஆனால் “இப்ப யார் முறை?” என்று கேட்டால் குழப்பமில்லை. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம் வாய்க்கால். எங்கள் ஊரில் முறைத் தண்ணீர் உண்டு. ராத்திரி 2 மணிக்கு நம் முறை என்றால் 2 மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக மடையில் நிற்க வேண்டும். தூங்கிவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். தாத்தா அலாரம் இல்லாமலே எழுந்து போவார். ராத்திரியில் கார் ஏற வேண்டியவரின் நிலைமை அச்சு அசல் அதுவே.

யாழ்ப்பாண நண்பர் தந்த ‘தவணை’ நல்ல சொல். அங்கே பள்ளிக்கூடத்தில் முதலாம் தவணை, இரண்டாம் தவணை என்று காலத்தைப் பிரித்தே பழக்கம், ஆகவே அவருக்கு அது இயல்பாக வந்திருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் தவணை என்றதும் பைக் கடன்தான் கண்முன் வருகிறது. மன்னியுங்கள். ‘ஈடு’ என்று சொன்ன அம்மையாருக்கு என் வணக்கம். முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்று நினைத்தாலே மனசு நிறைகிறது. ஆனால் அடமானம், இழப்பீடு என்று அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். ‘இடைநிறுத்தங்களுக்கிடைப்பட்ட ஓட்டக்காலம்’ என்ற பரிந்துரையைப் பற்றி ஒன்றே ஒன்று: இதை ஹெட்செட்டில் சொல்லி முடிப்பதற்குள் கார் ஓ ரூஜ் மேட்டைத் தாண்டியிருக்கும்.

சரி, இரண்டு சொல் இருந்தால் கணக்கு எப்படித் தெளிகிறது பாருங்கள். ஸ்பா ஒரு சுற்று 7.004 கி.மீ. பயிற்சியில் எங்களுக்குச் சராசரியாக 2 நிமிடம் 19 வினாடி ஆகிறது. சுற்றுக்கு 3.6 லிட்டர் குடிக்கிறது. டாங்க் 100 லிட்டர் என்று வையுங்கள். 27 சுற்று வரும், 28-ஆவதுக்கு எட்டாது. ஒரு நடை 62 நிமிடம் சொச்சம். பிட்டில் போகும் நேரத்தைக் கழித்தால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 610 சுற்று. அதற்கு 23 நடை வேண்டும்.

சுற்றுக்கு வெறும் 50 மில்லி மிச்சம் பிடித்து 3.55-க்குக் கொண்டுவந்தால் 28 சுற்று கிடைக்கும். 22 நடையில் முடிந்துவிடும், ஒரு பிட் நிறுத்தம் மிச்சம். 50 மில்லி என்றால் குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் சில தடவை, அவ்வளவே. கெமல் நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் போடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை அதன் போக்கில் விட்டால் இது வந்துவிடும். இதற்கு ‘சிக்கனம்’ என்றே வைத்துவிட்டோம். “இந்த நடை சிக்கனமா போ” என்றால் தம்பிக்கு உடனே புரிகிறது.

இது காரின் கணக்கு. ஆளின் கணக்கு தனி. ஐரேசிங் விதிப்படி ஒவ்வொருவரும் சமப்பங்கில் கால்வாசியாவது ஓட்டியிருக்க வேண்டும். 610 சுற்றை ஐந்தால் வகுத்தால் 122, அதில் கால்வாசி 31. ஒரே நடையில் 27 அல்லது 28 சுற்றுதான், ஆக ஒரு நடை மட்டும் ஓட்டியவர் தேறமாட்டார். ஆகவே ஒரு முறைக்கு இரண்டு நடை. ஆங்கிலக்காரர்கள் ‘டபுள் ஸ்டின்ட்’ என்று சொல்வது நமக்கு ‘இருநடை முறை’.

நடைகள் காரோடு போகின்றன, முறைகள்தான் ஆள் மாறினால் மாறும். 2009 லே மான் 24 மணி நேரப் போட்டிக்குக் கோலஸ் அணியின் ஆடி காரில் நரேன் கார்த்திகேயனோடு சேர்த்து மூன்று பேர். போட்டி தொடங்குவதற்கு முன் பிட் சுவரிலிருந்து குதித்தபோது நரேனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மீதி இருவரே 24 மணி நேரமும் ஓட்டி 7-ஆவது இடத்தில் முடித்தார்கள். ஓர் ஆள் விழுந்தாலும் கார் எப்போது பிட்டுக்கு வரும் என்ற கணக்கு அப்படியே நிற்கும். மூன்று பேருக்கு எழுதிய முறைகளை இருவருக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். எங்கள் அட்டவணையிலும் இனி நடை எண்கள் இடப்பக்கம், பெயர்கள் வலப்பக்கம் தனி நிரலில். யார் வீட்டில் மின்சாரம் போனாலும் வலப்பக்கத்தை மட்டும் அழித்து எழுதினால் போதும்.

‘பிட்’ பிட்டாகவே இருக்கட்டும். ‘குழி நிறுத்தம்’ என்று எழுதியவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. முன்னால் போகிறவருக்கு முன்பாகவே பிட்டுக்குள் நுழைந்து, புது டயரோடு வேகமாக ஓடி அவரைத் தாண்டிவிடும் உத்தி இருக்கிறதே, அதற்குச் சொல் கிடைக்கவில்லை. ‘முந்துபிட்’ என்று தம்பி சொல்கிறான். எனக்கு ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை பயிற்சி ஓட்டம் இருக்கிறது.

புதிய அட்டவணையிலிருந்து ஒரு வரியை நேற்று ராத்திரி அண்ணனுக்கு அனுப்பினேன்:

நடை 5, 6 | முறை 3 | கோலாலம்பூர் | இந்திய நேரம் இரவு 9:45 | மலேசிய நேரம் இரவு 12:15

பதில் வந்தது: “அலாரம் 11:30. தம்பிகிட்ட சொல்லு, இந்தத் தடவை இறங்கிப் போய்த் தூங்கச் சொல்லு.”

அன்புடன்,
சென்னையிலிருந்து, முறை 1