பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தது: இதயச் சுவர் ஓட்டை, உங்கள் அனுபவம் என்ன?

மல்லாவி அம்மா

மகனுக்கு இப்போது 11 வயது. மாமரத்தில் ஏறி நிற்கிறான். ஆனால் எனக்கு அந்த ஒரு விடியற்காலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மார்கழிக் கூதல், நான் சால்வை போர்த்திக்கொண்டு இருக்கிறேன். ஒன்றரை மாதப் பிள்ளை மடியில் கிடந்து பால் குடிக்கிறான். நாலு இழுவை, பிறகு விட்டுவிட்டு மூச்சு வாங்கல். மறுபடி நாலு இழுவை. நெற்றியைத் தொட்டால் தண்ணீர். முடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. "வன்னிப் பிள்ளை, வேர்க்கத்தானே செய்யும்" என்றார் மாமி. மார்கழியில் என்ன வேர்வை? ஆனாலும் நம்பினேன். பிறந்த அன்று பார்த்த டொக்டர் நெஞ்சில் குழல் வைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் மாத ஊசிக்குப் போனபோதுதான் மருத்துவமாது கொப்பியில் நிறைக் கோட்டைக் காட்டி, ஏறவே இல்லையே என்றார். அங்கிருந்து வவுனியா, பிறகு கொழும்பு. எக்கோ எனும் இதய ஸ்கானில், இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் 8 மில்லிமீற்றர் ஓட்டை. ஒப்பரேசன் செய்துதான் மூடினார்கள். பிறந்த அன்று பார்த்த டொக்டருக்கு அது எப்படித் தெரியாமல் போனது? இதைத்தான் கேட்க வந்தேன்.

துருசடி

அவரில் பிழை சொல்ல முடியாது அக்கா. பிறந்த கையோடு நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுக்கமாகவே இருக்கும். இரண்டு கீழறைகளிலும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமம். ஓட்டை இருந்தாலும் அதற்குள்ளால் இரத்தம் அவ்வளவாகப் பாயாது, சத்தமும் வராது. அடுத்த 4 முதல் 8 வாரங்களில் அந்த இறுக்கம் தளரும். அப்போதுதான் இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்பும். உங்கள் மகனின் ஒன்றரை மாதம் அதுதான்.

என் கதை தலைகீழ். மகளுக்குச் சத்தமோ சத்தம். கிளிநொச்சியில் கிளினிக் டொக்டர் தன் குழலைக் கழற்றி என் காதில் வைத்தார். இரணைமடுக் குளத்தில் துருசை (மதகுக் கதவை) ஒரு விரற்கடை தூக்கினால் தண்ணீர் எப்படி இரையும், அதே இரைச்சல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரிக்கிறார். "சின்ன ஓட்டை ஐயா, அதுதான் கத்துது." அகலத் திறந்தால் சத்தம் அடங்கும் என்று வயல்காரனான எனக்கே பாடம் எடுத்தார். தசைப் பகுதியில் 2 மில்லிமீற்றர். மூன்று வயதில் எக்கோ எடுத்தபோது ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஆகவே யாரும் பயப்பட வேண்டாம், அது தானாக மூடிவிடும்.

ஒட்டுசுட்டான் தங்கை

"தானாக மூடிவிடும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள் அண்ணை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஓட்டையோடு பிறந்த என் அக்கா சின்னதில் நன்றாக மூச்சு வாங்குவாளாம், அடிக்கடி சளிக்காய்ச்சல். பிறகு சுகமாகிவிட்டாள், நெஞ்சுச் சத்தமும் குறைந்தது. மூடிவிட்டது என்று கோயிலில் பொங்கலும் வைத்தார்கள்.

ஒருநாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டுக் குந்தியிருந்தாள். உதடு, நகம் எல்லாம் நாவல் நிறம். எனக்குத் தராமல் நாவற்பழம் தின்றுவிட்டாள் என்று நான் சண்டை பிடித்தேன். "நாக்கைக் காட்டு" என்று வாயைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அப்போது 8 வயது. அவள் பேசாமல் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

போரால் மூடிக்கிடந்த ஏ9 நெடுஞ்சாலை 2002 இல் திறந்த பிறகுதான் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு 16. பல வருடம் அதிக இரத்தம் பாய்ந்து நுரையீரல் குழாய்கள் தடித்துவிட்டன, இப்போது இரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் திரும்பி ஓடுகிறது என்றார்கள். ஐசன்மெங்கர் என்று பெயர். இனி மூடினால் அதுவே ஆபத்தாம். பிள்ளைப்பேறும் கூடாதாம். உங்கள் துருசுக் கணக்கு சரிதான் அண்ணை. ஆனால் வாய்க்காலிலும் தண்ணீர் குள மட்டத்துக்கு நிரம்பிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும், தெரியும்தானே?

துருசடி

தெரியும் தங்கச்சி. "சின்னத் தசை ஓட்டை" என்று எழுதியிருக்க வேண்டும். என் பிழை.

முறிகண்டியார்

பேரனுக்கும் இதே ஓட்டை. யாழ்தேவி ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம், தைத்தார்கள், நலம். அதை விடுங்கள். எல்லோரும் கதை சொல்கிறீர்கள், செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லை. எக்கோத் துண்டுகளை ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள், ஒவ்வொரு கிளினிக்குக்கும் முழுவதையும் கொண்டு போங்கள். ஓட்டை மூடியதா இல்லையா என்பதை எக்கோ சொல்லட்டும், அயலட்டை சொல்ல வேண்டாம். லாசிக்ஸ் தந்திருந்தால், பிள்ளை அதிகம் மூத்திரம் பெய்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்தின் வேலையே அதுதான். பல்லைக் கவனியுங்கள், சொத்தைப் பல் கிருமி இரத்தத்தில் கலந்து ஓட்டைக் கரையில் குடியேறும். பால் குடிக்கக் களைக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மல்லித்தண்ணீரால் நிறை ஏறாது. பெண்பிள்ளைகளுக்குக் கலியாணத்துக்கு முன்பே, கருவின் இதயத்தைக் கெடுக்கக்கூடிய ருபெல்லா நோய்க்கான தடுப்பூசி போட்டதா என்று பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கருத்தரிக்க முன்பே அதைக் கட்டுப்படுத்துங்கள். இன்னும் இருக்கிறது, கை வலிக்கிறது.

மல்லாவி அம்மா

நன்றி ஐயா, ஆனால் என் மகனுக்கு 11 வயது, பால்குடி மறந்து எவ்வளவோ காலம். துருசடித் தம்பி சொன்னது விளங்கியது. இன்னொன்று. நான் ஏழாம் மாதம் கிரகணத்தன்று வெளியே போய் நெல் அள்ளியதால்தான் ஓட்டை விழுந்தது என்று மாமி இன்றுவரை சொல்கிறார்.

தாதி மாணவன்

ஏழாம் மாதமா? அதற்கு ஐந்து மாதம் முன்பே சுவர் கட்டி முடிந்துவிடும் அக்கா. குளக்கட்டுப் போல, இதயத்தின் நுனியிலிருந்து தசைச்சுவர் மேல்நோக்கி எழும்பும். உச்சியில் ஒரு வாசல் மிஞ்சும். மேலிருந்து இறங்கும் இரண்டு முகடுகளும் நடுவில் உள்ள திசு மெத்தைகளும் சேர்ந்து அதை மெல்லிய சவ்வால் அடைக்கும். கரு உண்டாகிக் கிட்டத்தட்ட ஏழாம் வாரக் கடைசியில் எல்லாம் சரி. பல பெண்கள் கிளினிக்கில் பதிவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. ஒப்பரேசனுக்கு வரும் ஓட்டைகளில் அதிகம் அந்தச் சவ்வு மூலையில்தான். இதயத்துடிப்பைக் கடத்தும் நார்க்கட்டும் அதன் கரையோடுதான் ஓடுகிறது. தைக்கிறவர் ஊசியை அங்கே கண்டபடி போட முடியாது. பிறவி இதயக் குறைகளில் மிக அதிகம் காணப்படுவதும் இந்த ஓட்டைதான். பெரும்பாலும் காரணம் சொல்ல முடியாது. கிரகணம் இல்லை, நெல்லும் இல்லை.

மல்லாவி அம்மா

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ரண்டாம் மாசம் நீ எங்க போனனி?" என்று கேட்கிறார்.