கதைக்கான கரு அன்றாட வாழ்க்கையில் கிடைக்குமா?

வழிப்போக்கன்:
"சுற்றிலும் பாருங்கள், கதை தானாகக் கிடைக்கும்" என்று எழுத வருகிற எல்லோரிடமும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எழுதுவதில் பெரும்பாலானவை வெறும் குறிப்புகள். படித்து முடித்ததும் "சரி, அதனால் என்ன?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கரு மனதுக்குள்ளிருந்து வர வேண்டும்.

இளவேனில்:
பார்ப்பதில் குறையில்லை, பார்த்ததோடு விட்டுவிடுவதில்தான் குறை. மருத்துவமனையில் ஒரு பெரியவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வயது எல்லாம் மளமளவென்று எழுதினார். "அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும்" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு பெயரை எழுதினார், அடித்தார், பக்கத்திலேயே மறுபடியும் அதே பெயரை எழுதினார்.

வழிப்போக்கன்:
நல்ல காட்சி. ஆனால் அது யார் பெயர், ஏன் அடித்தார் என்பதையெல்லாம் நீங்கள்தானே கற்பனை செய்ய வேண்டும்? அப்புறம் அன்றாட வாழ்க்கை என்ன கொடுத்தது?

இளவேனில்:
அந்தக் கேள்வியைக் கொடுத்தது! முதுமை, தனிமை என்று வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும், அடித்த பெயரையே திரும்ப எழுதும் ஒரு கை எனக்குத் தோன்றியிருக்காது.

செங்காந்தள்:
ரஷ்ய எழுத்தாளர் கோகலின் 'மேலங்கி' கதை பிறந்த விதம் இங்கே பொருந்தும். அவருடைய நண்பர் அன்னென்கோவ் தன் நினைவுக்குறிப்பில் சொல்வது இது. ஓர் ஏழைக் குமாஸ்தா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்குகிறார். முதல் முறை படகில் போகும்போதே அது நாணலில் சிக்கித் தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. மனிதர் காய்ச்சலில் படுத்துவிட, சக ஊழியர்கள் பணம் போட்டு வேறொன்று வாங்கித் தருகிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோகல் மட்டும் தலைகுனிந்து யோசனையில் இருந்தாராம்.

1842-இல் கதை வெளிவந்தபோது துப்பாக்கி மேலங்கியாகியிருந்தது. துப்பாக்கி ஆசைக்கு வாங்குவது. பீட்டர்ஸ்பர்க் குளிரில் மேலங்கி இல்லாமல் முடியாது. கதையிலும் மேலங்கி பறிபோனதும் சக ஊழியர்கள் வசூல் செய்கிறார்கள், ஆனால் சேர்வது சொற்பம். குமாஸ்தா இறந்துவிடுகிறார்.

வழிப்போக்கன்:
இது என் கட்சிக்குத்தான் சாட்சி. சிரித்தவர்களும் அதே சம்பவத்தைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குக் கரு கிடைக்கவில்லையே!

செங்காந்தள்:
உண்மைதான். ஆனால் அவர் அப்படியே எழுதவும் இல்லை, ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கவும் இல்லை. இழப்பை வைத்துக்கொண்டு, ஆறுதலைப் பிடுங்கிவிட்டார். நான் பெரிதாக நினைப்பது அந்த வேலையைத்தான்.

வழிப்போக்கன்:
அந்த வேலையைச் சொல்லித்தராமல் "கவனியுங்கள்" என்று மட்டும் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். புதிதாக எழுதுகிறவர்கள் நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்துவிட்டு ஒரு கதைகூட முடிக்காமல் சோர்ந்துபோகிறார்கள்.

இளவேனில்:
அதை ஏற்கிறேன். அதனால்தான் குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: இந்த ஆள் எதை இழந்தால் தாங்கமாட்டார்? அதற்குப் பதில் தோன்றாத குறிப்பை அப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். ஆனால் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.