மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம்: மதுரைக்கு எதுக்கு ரெண்டு வெளியூர் பஸ் ஸ்டாண்டு?

நெல்லைத்தம்பி: போன வாரம் அம்மாவோட திருநெல்வேலியில இருந்து தேனிக்குப் போனேன். மாட்டுத்தாவணியில இறங்கும்போது ராத்திரி 2 மணி. தேனி வண்டியோ ஆரப்பாளையத்துல. டவுன் பஸ் ஒண்ணும் கண்ணுல படல. ஆட்டோக்காரர் அம்மா கையில இருந்த அரிசிப் பையை ஒரு பார்வை பார்த்தாரு, 300 ரூபான்னாரு. 1999-லயே மாட்டுத்தாவணி வந்தாச்சு. வெளியூர் வண்டி அத்தனையும் அங்க விட்டா என்ன?

உசிலம்பட்டியான்: உங்க ஒரு ராத்திரிக்காக நாங்க தினமும் அல்லாடணுமா தம்பி? எங்க வண்டி செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, காளவாசல்னு மேற்க இருந்து வருது. மாட்டுத்தாவணிக்குப் போகணும்னா கோரிப்பாளையம் நெரிசல்ல நுழையணும். இல்லையா, கப்பலூர் போயி ரிங் ரோட்டைப் பிடிக்கணும், அது 27 கிலோமீட்டர். எங்காளுக பாதிப்பேரு காளவாசல்லயே இறங்கிருவாக, தெரியுமா?

நெல்லைத்தம்பி: திண்டுக்கல், கோயம்புத்தூர் வண்டியும் ஆரப்பாளையத்துலதான நிக்கி? அவங்களும் காளவாசல்லயா இறங்குதாங்க?

கேகேநகர் ராசா: தேனிக்கு ரயில் இருக்கேப்பா. அகலப்பாதை போடுறோம்னு 2010 கடைசியில நிறுத்துனது, 2022 மே மாசம் தேனி வரைக்கும் வந்துச்சு, 2023 ஜூன்ல போடிக்கே போயிருச்சு. பதினோரு வருசம் காத்துக் கெடந்து வாங்குன ரயிலு, ஏறத்தான் ஆளைக் காணோம்.

உசிலம்பட்டியான்: ராத்திரி 2 மணிக்கு எந்த ரயிலுண்ணே? ஸ்டேஷன் இருக்குறதும் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. மாட்டுத்தாவணியில இருந்து அங்க போகவும் அதே ஆட்டோதான்.

கேகேநகர் ராசா: அதுவும் சரிதான். எத்தனை பஸ் ஸ்டாண்டு இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். ரெண்டுக்கும் நடுவுல விடிய விடிய அரை மணிக்கு ஒரு வண்டி விட்டா இந்தச் சண்டையே வராது.

நெல்லைத்தம்பி: விட்டாத்தான அண்ணாச்சி. ஒரே இடமா இருந்தா அந்த வண்டியே தேவையில்லைங்கேன்.

உசிலம்பட்டியான்: அடுத்த தடவை திருமங்கலத்துலயே இறங்கிருங்க தம்பி. அங்க இருந்து உசிலம்பட்டிக்கு பஸ் இருக்கு, அப்படியே தேனி. மதுரைக்குள்ள வரவே வேண்டியதில்ல.

நெல்லைத்தம்பி: பகல்ல சரி. ராத்திரி வண்டி ஊருக்குள்ள போகாம பைபாஸ்லயே இறக்கி விட்டுட்டுப் போயிட்டாம்னா? அம்மாவையும் அரிசிப் பையையும் வச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் அங்கயா நிக்கச் சொல்லுதீங்க?