இறை இருப்பைப் பற்றிய வாதத்தில் மறைநூலைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டுமா?

மெய்நாடி:
விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் ஒளியும் மாலையும் காலையும் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன. சூரியனோ நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது. விவிலியத்தின் வம்ச வரலாற்றைக் கூட்டிக் கணக்கிட்ட அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாக 1650இல் எழுதினார். பூமியின் வயதோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். நூல் பொய்த்த பிறகு, அதை அருளியதாகச் சொல்லப்படும் கடவுளை மட்டும் எப்படி ஏற்பது?

அகவிளக்கு:
நூலில் பிழை உண்டென்று நிறுவிவிட்டு, கடவுள் இல்லையென்று நிறுவியதாக எண்ணிக்கொள்கிறீர்கள். கடவுள் உண்டென்று நிறுவ இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் முன்வைத்த ஐந்து வழிகளில் எதுவும் படைப்பின் ஆறு நாட்களைச் சார்ந்து நிற்பதில்லை. மேலும், சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் எப்படி இருந்திருக்க முடியும் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஓரிகன் என்னும் கிறித்தவ அறிஞர். ஆகவே, ஆறு நாட்களை உருவகமாகப் படிப்பது அறிவியலிடம் தோற்ற பின் கண்டுபிடித்த சமாளிப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மெய்நாடி:
ஓரிகனைப் பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆறு நாட்களை உருவகம் என்பவர்களில் பெரும்பாலோர் இயேசுவின் உயிர்த்தெழுதலை உருவகம் என்பதில்லை. எங்கே உருவகம், எங்கே உண்மை நிகழ்வு என்று பிரிக்கும் அளவுகோல் எது? அக்குவைனாஸின் வாதம் வென்றாலும் அது தருவது ஒரு முதற்காரணத்தைத்தான்; வேண்டுதலைக் கேட்டு ஒரு மக்களோடு உடன்படிக்கை செய்யும் கடவுளை நீங்கள் அறிந்தது மறைநூலிலிருந்துதானே?

அகவிளக்கு:
அளவுகோல் உண்டு. ஐயமற நிறுவப்பட்ட அறிவோடு வெளிப்படைப் பொருள் முரண்பட்டால் உட்பொருள் காண வேண்டும் என்றார் 12ஆம் நூற்றாண்டின் இசுலாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்து. நெருப்பு குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் (வேத வாக்கியங்கள்) கூறினாலும் அவை பிரமாணமாகா என்று கீதைக்கு உரை எழுதிய சங்கரர் சொன்னார். கண்ணால் அறியக்கூடியதில் சாத்திரத்துக்கு வேலையில்லை என்பது அவர் கருத்து.

வழிப்போக்கர்:
இடையில் ஒரு சொல். வேதத்தைப் பிழையற்றதெனக் கொண்ட மீமாம்சகராகிய (வேதவாக்கியங்களின் பொருளை ஆராயும் மரபினராகிய) குமாரிலர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதை மறுத்தார். நூலின் பிழையின்மையையும் கடவுளின் இருப்பையும் ஒரே முடிச்சாகப் போட வேண்டியதில்லை.

மெய்நாடி:
குமாரிலரை நான் நினைக்கவில்லை. ஆயினும் அகவிளக்கு சொன்ன விதியில்தான் எனக்கு ஐயம். சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம் பொய்த்தவுடன் அதை உருவகமாக்கி, சோதிக்க முடியாததை மட்டும் உண்மையென்று வைத்துக்கொண்டால், நூல் என்றைக்கும் தோற்காது. தோற்கவே முடியாத சாட்சியின் வாக்குமூலத்துக்கு வாதத்தில் என்ன எடை?

அகவிளக்கு:
சரி, இறை இருப்புக்கு ஆதாரமாக மறைநூலை நான் காட்டவில்லை. நீங்களும் நான்காம் நாள் சூரியனை மறுப்பாகக் காட்டாதீர்கள்.

மெய்நாடி:
உங்களோடு பேசும்போது காட்டமாட்டேன். ஒவ்வோர் எழுத்தும் மெய் என்பவர் வந்தால், அவரிடம் நான்காம் நாளிலிருந்தே தொடங்குவேன்.